கத்தி வைக்காத தலை

தலையைக் கொஞ்சம் குனிங்க சார். அம்புட்டு வேணாம், இது போதும். தண்ணி குளுகுளுன்னு இருக்கும், திடுக்குன்னு நிமிந்துராதீங்க. போர் தண்ணி. இந்நேரம்தான் இப்படி, பதினோரு மணிக்கு மேல குழாயத் திறந்தா டீ போடுற சூட்டுல வரும்.

அந்தா வேப்பமரத்தடியில மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு இருக்கே, அது உங்க பாப்பாதானே? பையனா? மன்னிச்சுக்கோங்க, தலை நிறைய முடியா, பொம்பளப்பிள்ளைன்னு நெனச்சுட்டேன். எத்தன மாசம்? பதினொண்ணா. நல்லது. முதல்ல உங்க தலைய முடிச்சிருவோம், அப்புறம் தாய்மாமன் மடியில வச்சு அவனுக்கு. ஆனா அதுக்கு முன்னாடி உச்சி பாக்கணும் சார்.

என்னது, உச்சி பாக்குறதுன்னா என்னவா? இந்தக் கோயிலுக்கு முதத் தடவையா வர்றீங்க? ஓ, குலசாமி எதுன்னே இப்பத்தான் விசாரிச்சுக் கண்டுபிடிச்சீங்களா. பரவாயில்ல, நெறைய பேரு அப்படித்தான் வர்றாக. ஒத்தப்பனை அய்யனார் கோயில்ல உச்சி பாக்காம பச்சப்பிள்ளை தலையில கத்தி வைக்கிறது கிடையாது சார். ஆதிகாலத்துப் பழக்கம். போன வருசம் மாசியில நான்தான் ஆரம்பிச்சு வச்சேன்.

சிரிக்காதீங்க, தலை ஆடுது. கத்தி கையில இருக்கு.

நான் அதிகம் பேசுறவன் இல்ல. பக்கத்துப் பலகையில இருக்கானே சங்கிலி, அவன்தான் பேச்சுக்காரன். ஒரு தலை வழிக்கிறதுக்குள்ள அவுக பூர்வீகம், பொண்ணு எங்க குடுத்திருக்கு, வீடு எத்தன செண்டு, அத்தனையும் கேட்டுருவான். நான் வேலை உண்டு நான் உண்டுன்னு இருப்பேன். கேட்டா மட்டும் சொல்வேன். நீங்க கேட்டீங்க, அதனால சொல்றேன்.

முப்பத்திரண்டு வருசம் ஆச்சு இந்தக் கொட்டகைக்கு வந்து. எம்பேரு குருவையா, இந்தச் சுத்துவட்டாரத்துல யாரக் கேட்டாலும் சொல்வாக. எனக்கு முகம் மறந்துரும் சார், தலை மறக்காது. அதுலயும் பெரிய ஆளு தலை பொய் சொல்லும். மை பூசியிருக்கும், வழுக்கைய மறைக்கப் பக்கத்து முடிய இழுத்து விட்டிருக்கும். உங்களச் சொல்லல. பச்சப்பிள்ளை தலை உள்ளத உள்ளபடி சொல்லிரும். கைய வச்ச உடனே காய்ச்சல் இருந்தா தெரியும். காது ஓரமா போகும்போது ஒரு பக்கம் மட்டும் வீல்னு கத்துச்சுன்னா அந்தக் காதுல என்னமோ வலி, காட்டிட்டு வாங்கன்னு அனுப்பிருவேன். மண்டையில மஞ்சமஞ்சளாப் பொருக்குத் தட்டியிருந்தா சில பொம்பளைக பயந்துருவாக. அது ஒண்ணும் செய்யாது. எண்ணெயத் தடவி ஊற வச்சு, மெதுவாத் துணியால தொடச்சா வந்துரும். நகத்த வச்சுச் சுரண்டுறதுதான் தப்பு. இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா எனக்கு? யாரும் இல்ல. என் கை சொல்லிக் குடுத்துச்சு.

எங்க வீட்டுல வேலுத்தாய்னு ஒருத்தி இருக்கா. என் சம்சாரம். அங்கன்வாடியில ஆயா வேலை. மாசத்துக்கு ஒருக்க அங்க நர்சம்மா வந்து தாய்மாரக் கூட்டி வச்சுப் பேசுவாங்க. அன்னைக்கு மத்தியானம் அங்க கூட்டம், சாயங்காலம் எனக்குக் கூட்டம். நான் தட்டுக்கு முன்னால உக்காந்தா எதுத்தாப்புல உக்காந்துருவா. பிள்ளைக்கு வயித்தால போனா தண்ணிய நிறுத்தக் கூடாதாம், தாய்ப்பால நிறுத்தவே கூடாதாம். உச்சிக்குழி உள்ள இறங்கியிருக்கான்னு பாக்கணுமாம். அழுதா கண்ணீர் வருதா, நாக்கு காஞ்சிருக்கா, கடைசியா எப்ப மூத்திரம் போச்சு, வயித்துத் தோல இப்படிக் கிள்ளி விட்டா ஒடனே படியுதா. மூச்சு வாங்குனா நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குதா. ரெண்டு மாசத்துக்குக் கொறஞ்ச பிள்ளைக்குச் சுட்டா வீட்டுல வச்சுப் பாக்கக் கூடாதாம், நேரா ஆஸ்பத்திரி. நான் ஒரு வார்த்தை காதுல வாங்குறதில்ல சார். ரசத்த ஊத்துன்னு சொல்லிட்டு என்பாட்டுக்குச் சாப்பிடுவேன். நமக்கு எதுக்கு அதெல்லாம், நாம என்ன டாக்டரா.

அது பத்தாதுன்னு என் கத்திப் பையில பத்துப் பாக்கெட்டத் திணிச்சு விட்டா. இந்த உப்பும் சக்கரையும் கலந்த பொடி, ஓஆர்எஸ்ஸுன்னு சொல்றாகளே, அது. கோயிலுக்கு இத்தன பிள்ளைக வருதே, என்னைக்காவது ஒண்ணுக்கு ஆகும்னு சொன்னா. எம்பை என்ன மருந்துக்கடையான்னு சண்டை போட்டேன். ஒருநாள் வெயிலு தாங்கல. ஒண்ணப் பிரிச்சுக் கலக்கிக் குடிச்சுப் பாத்தேன். ஆரஞ்சு வாசத்தோட நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் வெயில் ஏறுற நாளெல்லாம் ஒண்ணு. இத அவகிட்ட சொல்லிராதீங்க, மதியத்துக்கு மேல சோத்துத் தூக்கோட இங்க வருவா.

இடது பக்கம் சாய்ங்க. ஆங், அப்படித்தான்.

போன வருசம் சிவராத்திரிக்கு மறுநாள் சார். கோயில்ல நிக்க இடமில்ல. ஒம்போது மணி சுமாருக்குத் திருப்பூர்ல இருந்து ஒரு வேன் வந்து நின்னுச்சு. இந்தப் பக்கத்து ஆளுகதான், பனியன் கம்பெனி வேலைக்குப் போயி அங்கயே வீடு கட்டிக்கிட்டவுக. இருவது இருவத்தஞ்சு பேரு. பிள்ளைக்கு மொட்டை, காதுகுத்து, கெடா வெட்டு. பொம்பளப்பிள்ளை, பதினோரு மாசம். பேரு ஜஷ்விகாவாம். எனக்கு வாயில நுழையல, நான் பாப்பான்னே வச்சுக்கிட்டேன். கூட்டத்துக்குப் பெரியவரு பிள்ளையோட அப்பாவப் பெத்தவரு, முத்திருளப்பன்னு பேரு. வெள்ளை வேட்டி, தோள்ல பச்சை சால்வை, மீசைக்குத் தனியா எண்ணெய். அவரு இருமுனாக்கூட நாலு பேரு ஓடி வந்து என்னன்னு கேட்டாக.

பத்தரைக்குள்ள நல்ல நேரம், அதுக்குள்ள முத முடி இறங்கணும்னு சொல்லிட்டாரு. தாய்மாமன் கருத்தப்பாண்டி புது வேட்டி கட்டி, இந்தா நீங்க உக்காந்திருக்கீங்களே இதே பலகையில உக்காந்தான். பிள்ளைய மடியில வச்சாக. சுத்தி நின்ன பொம்பளைகளுக்கெல்லாம் ஒரே பெருமை. என்னா அமைதியான பிள்ளை பாருங்க, வேன்ல அஞ்சு மணி நேரம் ஒரு சிணுங்கல் இல்ல, அய்யனாரே மடியில வச்சுக்கிட்ட மாதிரி வந்துச்சுன்னு ஒருத்தி சொல்றா. இன்னொருத்தி சொல்றா, காலையில கட்டுன டயப்பரு, இன்னும் மாத்த வேண்டிய வேலையே இல்லைன்னு.

நானும் சரின்னு சொம்புல தண்ணிய மோந்து தலையில ஊத்துனேன்.

பிள்ளை அழுகல.

சார், நான் சொல்றத நல்லாக் கேளுங்க. முப்பத்திரண்டு வருசத்துல இந்தத் தண்ணிய ஊத்தி அழுகாத பிள்ளைய நான் பாத்ததில்ல. பெரிய ஆளு நீங்களே இப்ப தோளத் தூக்குனீங்க. சில பிள்ளை நெஞ்சு அடைச்சுப்போற மாதிரி அழும், சில பிள்ளை என் மீசையப் பிடிச்சு இழுக்கும், ஒருத்தன் என் மேலயே மூத்திரம் பேஞ்சான். அது வேற கதை. இந்தப் பிள்ளை கண்ணத் தொறந்து என்னப் பாத்துச்சு. பாத்துட்டு மறுபடி கண்ணு செருகிருச்சு. கண்ணு ரெண்டும் குழிக்குள்ள கெடந்துச்சு.

முடிய நனைச்சு நீவி விட்டுக்கிட்டே வந்தேன். உச்சிக்கு வந்ததும் என் விரலு உள்ள இறங்குச்சு. எப்பவும் அந்த இடம் மெத்துன்னு, தலையோட தலையா, சமமா இருக்கும். உள்ள துடிப்புத் தெரியும். அதத் தொட்டாத்தான் எனக்கே ஒரு பயபக்தி வரும். அன்னைக்கு அங்க ஒரு பள்ளம். கட்டைவிரல வச்சா உக்காந்துக்கிறும், அம்புட்டுப் பள்ளம். பிள்ளை வாயில விரல வச்சுப் பாத்தேன், நாக்கு காஞ்சுபோயி ஒட்டுச்சு. வயித்துத் தோல லேசாக் கிள்ளி விட்டேன், கிள்ளுன மடிப்பு அப்படியே நின்னுச்சு. அப்புறம் மெதுவாத்தான் படிஞ்சுச்சு.

எனக்குப் பயம் வந்துருச்சு சார். கை நடுங்கல, என் கை எதுக்கும் நடுங்காது.

பாப்பாவுக்கு வயித்தால போகுதான்னு கேட்டேன். கருத்தப்பாண்டி பெரியவரப் பாத்தான். பெரியவரு, அது பல்லு மொளைக்கிறதுக்குப் போகுது, மூணு நாளா லேசாத்தான், நீ வேலையப் பாருன்னாரு. கடைசியா எப்ப மூத்திரம் போச்சுன்னேன். அந்தக் கூட்டத்துக்குப் பின்னாடி, தூண ஒட்டி, ஒரு சின்னப்பொண்ணு பட்டுச்சேலையில நின்னுச்சு. பிள்ளையோட அம்மா, நாகஜோதி. இருவத்தொண்ணு இருவத்திரண்டு வயசுதான் இருக்கும். அது சொல்லுச்சு.

"நேத்து சாயங்காலம் போனதுண்ணே. அதுக்கப்புறம் இல்ல. வாந்தியும் எடுக்குது. பால் குடுத்தா இன்னும் போகும்னு நிப்பாட்டச் சொல்லிட்டாக. தண்ணியும் குடுக்க விடல. எனக்கு மாரு கட்டிக்கிட்டு நிக்குதுண்ணே, பிள்ளைய என்கிட்ட குடுக்க மாட்டேங்கிறாக."

அம்புட்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு வாயப் பொத்திக்கிட்டுச்சு. மூணு நாளா மனசுல வச்சிருந்த பேச்சு சார் அது. வீட்டுல சொல்ல முடியாதத ஊரு பேரு தெரியாத எங்கிட்ட சொல்லுச்சு.

நான் கத்தியக் கீழ வச்சுட்டேன். இப்ப மொட்டை வேணாம், பிள்ளைக்கு ஒடம்புல தண்ணி இல்ல, முதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கன்னேன். ஒரு தடவைக்கு மூணு தடவை சொன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். பெரியவரு மீசையத் தடவிக்கிட்டு எம்பக்கம் குனிஞ்சாரு.

"ஏய், உன் வேலை தலையோட. உன்னைய வைத்தியம் பாக்கச் சொல்லல."

சுத்தி நின்னவுகளும் அதேதான். வேலைய முடி, பத்தரை ஆகப்போகுது, முடிச்சுட்டுப் போற வழியில காட்டிக்கலாம்னு ஆளாளுக்குப் பேசுறாக. முடிச்சுட்டுன்னா என்ன? மொட்டை, காதுகுத்து, பொங்கல், கெடா, சாப்பாடு. வேன் கிளம்ப சாயங்காலம் ஆயிரும். அந்தப் பிள்ளைகிட்ட அம்புட்டு நேரம் இருக்குன்னு எனக்குத் தோணல. நான் கைய எடுத்துட்டேன்னதும் பெரியவரு பக்கத்துப் பலகையப் பாத்து, அந்தா அந்த ஆள வரச்சொல்லுன்னாரு. சங்கிலியும் கத்திய எடுத்துக்கிட்டு எந்திரிச்சான். எந்திரிப்பானா மாட்டானா, அவனுக்கு ஒரு தலைக் கூலி சேத்துக் கிடைக்குதே.

அப்பத்தான் சார் ஒரு காரியம் செஞ்சேன். நல்லதா கெட்டதான்னு நீங்களே சொல்லுங்க.

கீழ வச்ச கத்திய மறுபடி எடுத்தேன். புது பிளேடு, அப்பத்தான் மாட்டுனது. பிள்ளை தலைக்குக் கொண்டுபோற மாதிரி கொண்டுபோயி, என் இடது கட்டைவிரல்ல வேணும்னே ஒரு இழுப்பு இழுத்தேன். ரத்தம் பொலபொலன்னு பலகையில கொட்டுச்சு. ஈரப் பலகையா, சொட்டு ரத்தம் சொம்பு ரத்தமாத் தெரிஞ்சுச்சு. பொம்பளைக ஓன்னு ஒரு சத்தம். நான் ஒடனே எந்திரிச்சு, துண்ட இடுப்புல கட்டி, அய்யனாரப் பாத்துக் கும்பிட்டு நின்னேன். நின்னுக்கிட்டே சொன்னேன். பிள்ளை தலையில படுறதுக்கு முன்னாடி கத்தி ரத்தம் பாத்துருச்சு. அய்யன் உத்தரவு குடுக்கல. உச்சி இறங்கிக் கெடக்கு. உச்சி ஏறுற வரைக்கும் இந்தத் தலையில எவன் கத்தி வச்சாலும் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது.

அப்படி ஒரு சாஸ்திரமும் கிடையாது சார். எங்கப்பா சொன்னதில்ல, பூசாரி சொன்னதில்ல. என் வாயில அந்த நேரத்துக்கு வந்துச்சு.

சங்கிலி அப்படியே கத்திய மடக்கிப் பையில போட்டுட்டான். அவன் பூனை குறுக்க போனாலே வீட்டுக்குத் திரும்புறவன். பெரியவரு முகம் வெளுத்துப்போச்சு. மீசை மட்டும் அப்படியே நின்னுச்சு. உச்சி ஏறணும்னா என்ன செய்யணும்னு மெதுவாக் கேட்டாரு. நான் சாமி வந்தவன் மாதிரியே சொன்னேன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி ஏத்திட்டு வரணும்னு. பிள்ளைக்கு ஆகாதுன்னப்ப ஒருத்தரும் கேக்கல, சாமிக்கு ஆகாதுன்னதும் வேன் டிரைவரு சாப்பிட்டுக்கிட்டிருந்த இட்லிய விட்டுட்டு ஓடி வந்தான். எனக்கு அதுல ஒரு வருத்தம் இருக்கத்தான் செய்யுது. இருக்கட்டும்.

இதுக்கு நடுவுல நான் வேலுத்தாய்க்கு ஒரு போன் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகும்னு சொல்றதுக்காகத்தான். பேச்சோட பேச்சா இந்த விசயத்தச் சொன்னேன். அவ போன்லயே கத்துறா. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு பாக்கெட்டு முழுசாப் போடு, அரைகுறையாப் போடாத. நல்ல தண்ணியா இருக்கணும், குழாய்த் தண்ணி வேணாம். பாட்டில வாயில கவுக்காத, கரண்டியால கொஞ்சங்கொஞ்சமாக் குடு. வாந்தி எடுத்தா பத்து நிமிசம் விட்டு மறுபடி குடு. தாய்ப்பால் குடுக்கச் சொல்லு. எங்கயும் நிக்காம ஆஸ்பத்திரிக்குப் போ, நானும் வர்றேன். எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான். இருந்தாலும் பொம்பள மனசு நோகக் கூடாதுன்னு உம் போட்டேன். கடைசியாக் கேட்டா, பையில பாக்கெட்டு எத்தன இருக்குன்னு. நான் பையத் துழாவுனேன்.

ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு சார்.

அந்த ஒண்ணு இருக்கேன்னு அந்த நேரம் அய்யனாரக் கும்பிட்டேன் பாருங்க, அதுதான் நெசமான கும்பிடு. முதல்ல கும்பிட்டது நடிப்பு. வேன்ல சாப்பாட்டுக்குன்னு ஒரு லிட்டர் தண்ணிப் பாட்டிலு வச்சிருந்தாக. ஒரு பாட்டில்ல ஒரு பாக்கெட்ட அப்படியே கொட்டிக் குலுக்குனேன். பொங்கல் வைக்கக் கொண்டுவந்ததுல ஒரு சின்னக் கரண்டிய எடுத்துக் கொதிக்கிற தண்ணியில முக்கி வாங்கிக்கிட்டேன். நாகஜோதி பிள்ளைய மடியில வச்சு வேன்ல உக்காந்துச்சு. அதுக்குக் கை கிடுகிடுன்னு ஆடுது, கரண்டி உதட்டுல நிக்கல. பெரியவரு கருத்தப்பாண்டியக் குடுக்கச் சொன்னாரு, அவன் பாதியச் சட்டையில கொட்டுனான். நீ ஏறுய்யான்னாரு என்னப் பாத்து. விரல்ல துணியச் சுத்திக்கிட்டு ஏறிட்டேன்.

ஏழு கிலோமீட்டர் சார் ஆஸ்பத்திரி. ரோடு எப்படின்னு நீங்க வரும்போது பாத்திருப்பீங்க. அந்தக் குலுக்கல்ல கரண்டியில இருந்து ஒரு சொட்டுக் கீழ சிந்தல. முப்பத்திரண்டு வருசம் ஆடுற தலையில கத்தி பிடிச்ச கை. முதக் கரண்டி ஓரமா வழிஞ்சுச்சு. ரெண்டாவது வழிஞ்சுச்சு. மூணாவது கரண்டிக்குத் தொண்டை அசைஞ்சுச்சு. முழுங்குதுண்ணே, முழுங்குதுண்ணேன்னு அந்தப் பொண்ணு என் முழங்கையப் பிடிச்சுக்கிட்டு அழுகுது. கைய விடும்மா, சிந்திரும்னேன். எனக்கும் கண்ணு மறைக்குது, ஆனா ரெண்டு கையும் வேலையில இருக்கே, எதால தொடைக்க.

ஆஸ்பத்திரியில ஒடனே உள்ள கொண்டுபோயி டிரிப்ஸ் ஏத்துனாக. கால் நரம்பத் தேடித் தேடி ஊசி போட்டாக, அதுக்கும் பிள்ளை லேசா முனகத்தான் செஞ்சுச்சு. நாங்க எல்லாரும் வெளிய வேப்பங்காத்துல நின்னோம். பெரியவரு சால்வைய மடிக்கிறாரு, பிரிக்கிறாரு, மறுபடி மடிக்கிறாரு. டாக்டரம்மா வெளிய வந்து, யாரு இந்தத் தண்ணி கலக்குனதுன்னு கேட்டாங்க. நாந்தான்னேன். அளவு சரியாக் கலந்திருக்கீங்களேன்னாங்க. கை அளவும்மான்னேன். அதுக்குள்ள வேலுத்தாய் சைக்கிள மிதிச்சுக்கிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்து சேந்தா. வந்தவ என் விரல்ல சுத்துன துணியப் பாத்தா, என்னன்னு கேக்கல. மிச்சம் ஒம்போது பாக்கெட்டு எங்கன்னு கேட்டா.

சார், அந்த இடத்துல அந்தக் கேள்வி தேவையா? அத்தன பேருக்கு முன்னாடி? கோயில்ல வந்த பிள்ளைகளுக்குக் குடுத்துட்டேன்னு சொன்னேன். எந்தப் பிள்ளைன்னா. ஊரு பேரு கேக்கலைன்னேன். ஒரு பார்வை பாத்தா. அந்தப் பார்வை இன்னும் தீரல.

வலது காத மடக்கிப் பிடிங்க. ஆங்.

ஒரு மணி நேரம் கழிச்சு உள்ள இருந்து ஒரு அழுகை. நல்ல முரட்டு அழுகை. ஆஸ்பத்திரி ஓட்டுல இருந்த புறாவெல்லாம் பறந்துருச்சு. பெரியவரு அப்படியே படியில உக்காந்துட்டாரு. நாகஜோதி வெளிய ஓடி வந்துச்சு. நம்ம கையத்தான் பிடிக்கப்போகுதுன்னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுத் தயாரா நின்னேன். அது நேராப் போயி வேலுத்தாயைக் கட்டிப் பிடிச்சு அழுதுச்சு. விரலு கிழிஞ்சது எனக்கு, கட்டிப் பிடிக்கிறது அவளை. சரி, பொம்பளையும் பொம்பளையும், நாம என்ன சொல்ல முடியும். ரெண்டு நாள் வச்சிருந்து, பால் எப்படிக் குடுக்கணும், கஞ்சி எப்ப குடுக்கணும்னு எல்லாம் சொல்லித்தான் அனுப்புனாக. வேலுத்தாய் ரெண்டு நாளும் போயிட்டு வந்தா.

இங்க கோயில்ல என்ன ஆச்சுன்னா, நான் திரும்பி வர்றதுக்குள்ள நான் சொன்ன பொய் ஊரெல்லாம் பரவிருச்சு. மறுநாள் வந்தா பூசாரி கேக்குறாரு, குருவையா, உச்சி பாக்குற வழக்கத்த எதுக்கு இத்தன நாளா விட்டு வச்சிருந்தன்னு. மறந்துபோச்சு சாமின்னேன். அன்னைல இருந்து பச்சப்பிள்ளை எது வந்தாலும் முதல்ல உச்சியத் தொட்டுப் பாக்கணும், தண்ணி ஊத்தணும், பிள்ளை அழுகணும், அப்புறந்தான் கத்தி. அழுகலைன்னா பலகைய விட்டு எறங்கணும். சங்கிலி என்னைய விடப் பக்தியாப் பாக்குறான். போன ஆடியில காய்ச்சல்ல கெடந்த ஒரு பிள்ளையத் திருப்பி அனுப்புனான், தைமாசம் மூச்சு இழுத்துக்கிட்டு வந்த ஒண்ண அவனே பைக்குல ஏத்திக்கிட்டுப் போனான். வேலுத்தாய் சாயங்காலம் சொல்றதையெல்லாம் நான் மறுநாள் சும்மா பேச்சுக்கு அவங்கிட்ட சொல்லி வப்பேன், அவன் அத அய்யனாரு வாக்குன்னு நெனச்சுக்கிறான்.

ஒரே ஒரு சங்கடம். போன வாரம் எனக்கு நெசமாவே விரலு கிழிஞ்சிருச்சு. சொட்டு ரத்தம்தான். மதுரையில இருந்து வந்த குடும்பம், பிள்ளை கல்லுக்குண்டு மாதிரி இருக்கான், தண்ணி ஊத்துனதுக்குக் கொட்டகையே அதிருற மாதிரி அழுகுறான். கத்தி ரத்தம் பாத்துருச்சுன்னு அம்புட்டுப் பேரும் வேன்ல ஏறிப் போயிட்டாக. நான் பின்னாலயே ஓடுறேன், அது சும்மா சொன்னதுய்யான்னு. யாரு கேக்குறா.

அந்தத் திருப்பூர்க் குடும்பமா? வந்தாக. வைகாசியில வந்தாக. அதே வேன், அதே கூட்டம். பிள்ளை வாயில நாலு பல்லு. வேன்ல இருந்து எறங்கும்போதே எவனோட செருப்பையோ வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு வருது. கருத்தப்பாண்டி மடியில வச்சான். பெரியவரு முன்னால வந்து நின்னாரு. மன்னிப்பு அது இதுன்னு எதுவும் கேக்கல. கேப்பாருன்னு நானும் நெனைக்கல. ஆனா கையில இருந்த சால்வைய ரெண்டா மடிச்சு நான் உக்காந்திருந்த மரக்கட்டை மேல போட்டாரு. போட்டுட்டுச் சொன்னாரு.

"உக்காருங்க. முதல்ல உச்சியப் பாருங்க."

உக்காருங்கன்னாரு சார். பாருங்கன்னாரு. முப்பத்திரண்டு வருசத்துல இந்தக் கொட்டகையில பெரிய மனுசன் எவனும் என்னைய 'ங்க' போட்டுப் பேசுனதில்ல. நீங்க பேசுறீங்க, நீங்க வேற. சால்வை மேல உக்கார மனசு வரல, பாதி உக்காந்தும் உக்காராமலும் இருந்துக்கிட்டே உச்சியத் தொட்டேன். மெத்துன்னு, சமமா, உள்ள தட்டுது. தண்ணிய ஊத்துனேன். அம்மாடி, என்னா கத்து. இழுத்த இழுப்புல என் மீசையில பாதி அன்னைக்கே போயிருக்கும். நாகஜோதி இந்தத் தடவை தூணுக்குப் பின்னால நிக்கல சார், பலகைக்குப் பக்கத்துலயே நின்னு சிரிக்குது.

அதுவும் யாரப் பாத்துச் சிரிச்சுச்சுங்கிறீங்க? தூக்கோட வந்து நின்ன வேலுத்தாயைப் பாத்து.

அதுக்கப்புறம் பையில இருபது பாக்கெட்டு வச்சிருக்கேன். அவ வைக்கல, நானே ஆஸ்பத்திரியில போயிக் கேட்டு வாங்கிக்கிறேன். ஒண்ணக்கூடக் குடிக்கிறதில்ல. எவ்வளவு வெயில் அடிச்சாலும் சரி. எண்ணி வச்சிருக்கேன், அவ எண்ணுறதுக்கு முன்னாடி.

முடிஞ்சது சார். தடவிப் பாருங்க, பளிங்கு மாதிரி இருக்கும். சந்தனம் அந்தக் கிண்ணத்துல. போயி பையனையும் மாமனையும் வரச்சொல்லுங்க. பையனோட அம்மாவா? வாம்மா, வா, பயப்படாத. வாப்பா ராசா. எங்க, தலையக் குடு. உச்சி நல்லா இருக்கு. பால் குடிச்சானா? காலையில மூத்திரம் போனானா? நல்லது. பிள்ளை கையப் பிடிச்சுக்கோங்க மாமன்காரரே, தண்ணி ஊத்துறேன்.

ஆங். அப்படி. இன்னும் கொஞ்சம். நல்லா அழுகுறான்.

சரி, இப்ப கத்தி வைக்கலாம்.